ஆர்ட்டீமியா முட்டை: டின்னா, பொட்டலமா, ஓடு நீக்கியதா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து வண்ணமீன் கடைகளில் ஆர்ட்டீமியா முட்டையை மூன்று விதமாக விற்கிறார்கள். ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும் சிறு இறால் வகை உயிர்; அதன் முட்டை பொரிந்து வரும் குஞ்சுதான் மீன்குஞ்சுக்கு உயிர்த்தீனி. அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக் முட்டை அடைத்து சீல் வைத்த டின், அந்த டின்னைக் கடையிலேயே பிரித்துக் கட்டிய ஜிப் கவர் பொட்டலம், ஓடு நீக்கிய முட்டை. ஃபைட்டர், ஏஞ்சல் குஞ்சுகளுக்கு உயிர்த்தீனி வேண்டுமென்றால் டின்தான். நம் ஊர்க் காற்றில் திறந்து கட்டிய பொட்டலத்தை நம்பி குஞ்சு பொரிக்க வைக்காதீர்கள். காரணம் அந்த முட்டையின் உறக்கத்தில் இருக்கிறது.

உப்பேரியில் நிலைமை நன்றாக இருக்கும்வரை தாய் ஆர்ட்டீமியா உயிருள்ள குஞ்சாகவே போடும். உப்பு ஏறினாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ, பகல் நேரம் சுருங்கினாலோ அதே தாய் தடித்த ஓடு போட்ட முட்டையாக வெளியிடும். உள்ளே இருப்பது சுமார் 4,000 செல்வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்ட கரு. காய்ந்த எடையில் ஏறக்குறைய 15 சதவீதம் ட்ரிஹலோஸ் என்ற சர்க்கரை. நீர் முழுக்க வற்றினாலும் செல் சவ்வும் புரதமும் சிதையாமல் காப்பது பெரும்பாலும் இதுதான்.

இந்த உறக்கத்தில் இரண்டு கட்டம் உண்டு. புதிதாக வெளிவந்த முட்டை நல்ல தண்ணீர், நல்ல சூடு, காற்று எல்லாம் கொடுத்தாலும் பொரியாது. உலர்த்தல், குளிர், சில இனங்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு என ஏதாவது ஒன்று அந்த முதல் பூட்டைத் திறக்க வேண்டும். எது பலிக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். உப்பளத்தில் அள்ளிய முட்டையை நேராகப் போட்டுவிட்டு 'எல்லாம் செத்த முட்டை' என்று கொட்டிவிடுவது இது தெரியாததால்தான். பூட்டு திறந்தபின் முட்டையைத் தடுத்து வைத்திருப்பது ஈரமின்மை மட்டுமே. கடைக்கு வரும் டின் இந்த இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. இயற்கையில் ஒரே தாயின் முட்டைகளிலும் சில சாதகமான தண்ணீரிலும் விழிக்காது; ஏமாற்று மழையில் வம்சம் மொத்தமும் அழியாமல் இருக்க அது காப்பு. நமக்கு வேண்டியது நேர்மாறு: எல்லாம் ஒரே நாளில் விழிக்க வேண்டும். டின்னுக்குக் கொடுக்கும் காசில் அந்த வேலையும் அடங்கும்.

இனி பொட்டலத்துக்கு வருவோம். முட்டையின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உள்ளே எதுவும் அசையாது. அதைத் தாண்டி, கூடவே ஆக்சிஜனும் கிடைத்தால், பொரிக்கும் அளவுக்கு நீர் இல்லாமலே கரு தன் சேமிப்புச் சத்தைக் கரைக்கத் தொடங்கும். ஆனியாடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. கடைக்காரர் டின்னை நாள் முழுக்கத் திறந்து திறந்து கரண்டி போட்டால் முட்டை தானாக ஈரம் குடிக்கும். பொட்டலத்தைச் சாய்த்துப் பாருங்கள்: நல்ல முட்டை பொடிபோல் சரியும், கெட்டது கட்டியாக நகரும். கைலென்சில் பார்த்தால் காய்ந்த முட்டை ஒரு பக்கம் குழிந்திருக்கும்; ஈரம் குடித்தது உருண்டு நிற்கும். உருண்டைகள் அதிகம் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

டின்னைத் திறந்த அன்றே 10 அல்லது 20 கிராமாகச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் வாய்வரை நிரப்பி, சிலிக்கா ஜெல் பை போட்டு இறுக்கி, பிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த குப்பி அறைச் சூட்டுக்கு வந்தபிறகே மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

பொரிப்பதற்கு 1 லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத கல் உப்பு 25 முதல் 30 கிராம், முட்டை அதிகபட்சம் 2 கிராம். தலைகீழாக வெட்டிய கோலா பாட்டில் போதும். ஏர் குழாய் அடிமுனை வரை போக வேண்டும், ஏர் ஸ்டோன் வேண்டாம். முதல் சில மணி நேரம் நல்ல வெளிச்சம் கட்டாயம். சூடு 25 முதல் 30 டிகிரி. நம் ஊரில் ஹீட்டர் தேவைப்படாது. ஆனால் சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் 33 டிகிரியைத் தாண்டும், கருவின் வளர்ச்சி நின்றுவிடும்.

இங்கே அதிகம் கெடுப்பது கிணற்றுத் தண்ணீர். வெட்டுகல் பூமியில், குறிப்பாக மேற்குப் பக்கத்தில், தண்ணீர் சற்றுப் புளிப்பாக இருக்கும். ஓட்டை உடைத்து வெளிவர உதவும் நொதி, தண்ணீரின் புளிப்பு-கார அளவான pH 8-க்கு மேல் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் சோடா உப்பு (சமையல் சோடா) போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கரு ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்து தொங்கியபடியே செத்துக் கிடந்தால் முதலில் pH, அடுத்து காற்று, மூன்றாவதாக முட்டையின் வயது என்று வரிசையாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் காற்று விட்டு குளோரினைப் போக்குங்கள். மழைக்காலத்தில் மணக்குடிப் பொழி (ஆறு கடலில் சேரும் இடம்) அருகே எடுக்கும் கடல்தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும், அளக்காமல் ஊற்றாதீர்கள்.

24 மணி நேரத்தில் காற்றை நிறுத்தி, 10 நிமிடம் கழித்து அடியில் விளக்கு காட்டினால் குஞ்சு கீழே சேரும், ஓடு மேலே மிதக்கும். வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே போடுங்கள். பொரிந்த குஞ்சு முதலில் எதுவும் தின்னாது, மஞ்சள் கருவைச் செலவழித்தே வாழும். தாமதித்தால் உங்கள் மீனுக்குச் சத்து குறையும்.

விலையைக் கிராமில் பார்க்காமல் குஞ்சில் பாருங்கள். ஒரு கிராமில் சுமார் 2.5 லட்சம் முட்டை. 90 சதவீதம் பொரிந்தால் 2.25 லட்சம் குஞ்சு, 50 சதவீதம் என்றால் 1.25 லட்சம். பாதி விலைப் பொட்டலத்தில்கூடப் பெரிய லாபமில்லை, பொரியாத முட்டை குஞ்சு மீனின் குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து வேறு.

எந்த ஊர் முட்டை என்பதும் முக்கியம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடா ஆர்ட்டீமியாவை வியட்நாமின் வின் சாவ் உப்பளங்களில் விட்டார்கள். சில தலைமுறைகளிலேயே அங்கிருந்து வந்த முட்டையும் குஞ்சும் மூல இனத்தைவிட அதிகச் சூட்டைத் தாங்கின. வெயில் தாங்காத கொட்டகை என்றால் கிடைத்தால் வியட்நாம் முட்டையை முதலில் கேளுங்கள். அது சிறியதும்கூட, சின்ன வாய்க் குஞ்சுக்கு வசதி.

தீனிக்கென்று ஓடு நீக்கி உலர்த்தி விற்பது பொரியாது. ஓடு இல்லாததால் குடல் அடைப்பு பயமில்லை, கப்பிக்கும் இறாலுக்கும் நல்ல தீனி. ஆனால் அசையாமல் அடியில் படியும். அசைவதை மட்டுமே துரத்தும் ஃபைட்டர் குஞ்சின் முதல் வாரத்துக்கு அதை வாங்க வேண்டாம்.