ரெப்ளிகா ஒப்பீடு: ஆன்லைனா, ஆஃப்லைனா?

389 டைரக்டரி சர்வர் பயனர் விவரங்கள் போன்றவற்றை வைத்திருக்கும் சர்வர். அதன் ரெப்ளிகாக்கள் (ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர்கள்) ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் டிஎஸ்-ரெப்ளிசெக் கருவியில் மூன்று முறைகள் உண்டு. ஸ்டேட் முறை ஆர்யூவியை (எந்த மாற்றம் வரை வந்து சேர்ந்தது என்ற குறிப்பு) மட்டுமே பார்க்கும். மறுமுனையில் ஏறாத மாற்றத்தைத் தாண்டி ரெப்ளிகேஷன் நகர்ந்தால் ஆர்யூவி பொருந்தும், தரவு பொருந்தாது. அதனால் முதல் பார்வைக்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

மிச்சம் ஆன்லைனும் ஆஃப்லைனும். நான் ஆன்லைன் பக்கம். காரணம் ஒன்றே ஒன்று: பொய் வித்தியாசங்கள்.

ஆஃப்லைனில் இரு சர்வர்களிலிருந்தும் எக்ஸ்போர்ட் செய்து எடுத்த எல்டிஃப் கோப்புகளை (டைரக்டரி தரவின் உரைக் கோப்புகள்) ஒப்பிடுகிறோம். ஒன்றை 10 நிமிடம் தள்ளி எடுத்தால், இடையில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் கோளாறு போலப் பட்டியலில் வரும். எக்ஸ்போர்ட்டில் ரெப்ளிகேஷன் விருப்பத்தை மறந்தால் டூம்ஸ்டோனும் (நீக்கிய பதிவின் அடையாளம்) ஆர்யூவியும் கோப்பில் இருக்காது, ஒப்பீடே வீண். ஆன்லைனில் இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் படிக்கப்படுகின்றன. 300 நொடிக்குள் நடந்த மாற்றங்களை இயல்பாகவே கணக்கில் சேர்க்காது. ரெப்ளிகேஷன் தாமதமாக ஓடும் அமைப்பில் இந்த லேக் அளவைக் கூட்டுங்கள்.

ஆன்லைனிலும் இரண்டு பொறிகள் உண்டு. டைரக்டரி மேனேஜராக (முழு உரிமையுள்ள நிர்வாகி) பைண்ட் செய்யாவிட்டால், அதாவது உள்நுழையாவிட்டால், அணுகல் விதிகள் மறைப்பவை எல்லாம் 'காணவில்லை' என்று வரும். ஃப்ராக்ஷனல் ரெப்ளிகேஷனில் (சில பண்புகளை விட்டு மற்றவற்றை மட்டும் அனுப்புவது) மெம்பர்ஆஃப் போன்ற பண்புகளை விலக்கியிருந்தால், அவற்றை இங்கும் புறக்கணிக்கச் சொல்ல வேண்டும்.

இரு சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து தொட முடியாதபடி ஃபயர்வால் இருந்தால் ஆஃப்லைன்தான் வழி. சர்வரை நிறுத்தத் தேவையில்லை. ஓடும்போதே எக்ஸ்போர்ட் எடுக்கலாம். கோப்பு சாட்சியாகவும் கையில் நிற்கும்.

வித்தியாசம் கிடைத்ததும் எது சரி என்று சிஎஸ்என் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடப்படும் எண்) சொல்லும். 20 ஹெக்ஸ் எழுத்தில் முதல் 8 நேரம், அடுத்த 4 வரிசை எண், அதற்கடுத்த 4 ரெப்ளிகா ஐடி. ஒரு பண்பு மட்டும் பிசகியிருந்தால் சரியான மதிப்பை மறுபடி எழுதினால் போதும். புது சிஎஸ்என்னோடு எல்லா இடத்துக்கும் போகும். என்ட்ரியே (முழுப் பதிவே) காணாமல் போயிருந்தால் கையால் சேர்க்காதீர்கள். அதற்குப் புது என்எஸ்யூனிக்ஐடி (என்ட்ரியின் தனி அடையாள எண்) கிடைக்கும். பழைய என்ட்ரி உள்ள சர்வரில் பெயர் மோதல் உண்டாகும். அந்த ரெப்ளிகாவை ரீஇனிஷியலைஸ் செய்வதே, அதாவது சரியான சர்வரின் தரவை அதில் முழுதாக மறுபடி ஏற்றுவதே சரி. அதற்கு முன் அதில் மட்டும் தங்கிய மாற்றங்களை எடுத்து வையுங்கள், அவை அழிந்துவிடும்.