இரவில் எந்த உடை ஆளை மறைக்கும்? கறுப்பு, காட்டு வடிவம், டிஜிட்டல் வடிவம், வெப்பப் போர்வை: ஓர் ஒப்பீடு

பகலில் ஓர் உருமறைப்பு உடையை எடைபோட, அதன் நிறங்களும் வடிவமும் சுற்றியுள்ள நிலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். இரவில் அந்த அளவுகோல் பயன்படாது. எதிரில் இருப்பவர் வெறுங்கண்ணால் பார்க்கிறாரா, இரவுநோக்கிக் கருவியை அணிந்திருக்கிறாரா, கையில் வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமரா வைத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து, ஒரே உடை ஆளை நன்றாக மறைக்கவும் கூடும், அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கவும் கூடும். ஆகவே இந்த ஒப்பீட்டை உடைகளின் வரிசையில் அல்லாமல், பார்ப்பவரின் வரிசையில் செய்வதே சரி.

முதலில் வெறுங்கண். முழுநிலவு நாளில் தரைக்குக் கிடைக்கும் ஒளி ஏறத்தாழ 0.1 முதல் 0.3 லக்ஸ் வரை (லக்ஸ் என்பது பரப்பின்மேல் விழும் ஒளியின் அலகு). நிலவில்லாத தெளிந்த வானத்தில் அது 0.001 லக்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இந்த ஒளியில் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் அநேகமாக ஓய்ந்துவிட, கோல் செல்களே பார்வையைத் தாங்குகின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. கண்ணின் உச்ச உணர்திறனும் 555 நானோமீட்டர் அலைநீளத்திலிருந்து (மஞ்சள்பச்சை) 507 நானோமீட்டர் (நீலப்பச்சை) பக்கம் நகர்ந்திருப்பதால், செம்பழுப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலப்பச்சை எதிர்பார்த்ததைவிட வெளிறியும் தோன்றும். பார்வைக் கூர்மையும் பகலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த எந்த நுணுக்கமும் தனியாகத் தெரியாது. உடையில் அச்சிட்ட திட்டுகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. அதாவது, பணம் கொடுத்து வாங்கிய வடிவம் இருட்டில் கரைந்துபோய், அதன் சராசரி வெளிர்மை மட்டுமே மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், இரவுக்கு இயல்பான தேர்வு என்று பலரும் நம்பும் முழுக் கறுப்பு அவ்வளவு நல்ல தேர்வல்ல. காய்ந்த புல், மண்சாலை, பாறை, சுண்ணாம்புச் சுவர் ஆகிய எதுவுமே இரவில் கறுப்புத் துணி அளவுக்கு இருண்டிருப்பதில்லை; வானம்கூட அப்படி இல்லை. அவற்றின் முன்னால் கறுப்பு உடை அணிந்தவர் தலையும் தோளும் உள்ள ஓர் ஓட்டை போலத் தெரிவார். இதைப் பிரிட்டிஷ் விமானப்படை இரண்டாம் உலகப் போரின்போதே அனுபவத்தில் கண்டது: மங்கிய கறுப்பு பூசிய இரவுப் போர்விமானங்கள் வானத்தின் முன் எடுப்பாகத் தெரிந்ததால், 1942 வாக்கில் அவற்றுக்கு வெளிர்சாம்பலும் கரும்பச்சையும் பூசத் தொடங்கியது. அடர்ந்த நிழலுக்குள்ளேயே இருந்துவிடப் போகிறவருக்குக் கறுப்பு பொருந்தும். நிழலை விட்டு வெளியே வர வேண்டியவருக்கு அது பாதகம்.

இதற்கு நேர் எதிர்த் தவறு, சிறு சதுரக் கட்டங்களால் ஆன வெளிறிய டிஜிட்டல் வடிவம். அமெரிக்கத் தரைப்படை 2004-இல் தேர்ந்தெடுத்த பொது வடிவத்தில் மணல் நிறம், சாம்பல், சாம்பல் கலந்த பச்சை ஆகியவை மட்டும் இருந்தன. கறுப்பு வேண்டுமென்றே விடப்பட்டது. சில தப்படி தள்ளி நின்றாலே அதன் சிறு கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வெளிர்சாம்பலாகிவிடும். மணல்வெளியில் அது ஓரளவு ஒத்துவரும். மரங்களுக்கு இடையிலோ ஆள் மட்டும் வெளுப்பாகத் தனித்து நிற்பார். 2015-இல் புதிய வடிவம் வழங்கத் தொடங்கி, 2019-க்குள் இந்தச் சாம்பல் வடிவத்துக்கு முழுவதுமாக ஓய்வு கொடுத்தார்கள். அந்த முடிவுக்கு ஆப்கானிஸ்தானின் பகல் நிலமே முதன்மைக் காரணம் என்றாலும், இரவுக் கணக்கிலும் அது தேறாத உடைதான்.

அமெரிக்க ராணுவத்தில் 1981-இல் அறிமுகமான பழைய காட்டு வடிவம் இந்த இடத்தில் முந்துகிறது. முந்தைய ஒரு வடிவத்தின் திட்டுகளை ஏறத்தாழ 60 விழுக்காடு பெரிதாக்கி உருவாக்கியது அது. பெரிய திட்டு மங்கிய ஒளியில் சற்றுத் தாமதமாகவே கரையும். கரைந்த பிறகும் மிஞ்சுவது கறுப்பைவிட ஒரு படி வெளிறிய, மந்தமான சாயல். மரங்கள் உள்ள நிலத்தில் வெறுங்கண்ணை ஏமாற்ற இதைத் தேர்ந்தெடுப்பேன். வடிவமே இல்லாத மங்கிய ஆலிவ் பச்சையோ கரும்சாம்பலோ இதற்கு அதிகம் பின்தங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரவுநோக்கிக் கருவி வந்தவுடன் இந்த வரிசை குலைகிறது. கிடைக்கும் சிறு ஒளியைப் பெருக்கிக் காட்டும் இக்கருவிகள் ஏறத்தாழ 900 நானோமீட்டர் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையும் பார்க்கின்றன. இலையின் பச்சையம் சிவப்பொளியை விழுங்கினாலும், 700 நானோமீட்டரைத் தாண்டியதும் இலை தன்மேல் விழும் ஒளியில் பாதியளவைத் திருப்பி அனுப்புவதால், கருவியில் செடிகொடிகள் பளிச்சென்று தெரியும். கடையில் வாங்கும் சாயத் துணி அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. வீட்டு வாசல் சிசிடிவி கேமரா இரவில் அகச்சிவப்பில் பார்க்கக் கறுப்பு வெள்ளைக்கு மாறிய பின், கறுப்பு டி-சட்டையோடு அதன் முன் நின்று பதிவைப் பார்த்தால் இது புரியும்: பல சட்டைகள் அதில் வெளிர்சாம்பலாக, சில கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும். ஆகவே இங்கே போட்டி வடிவங்களுக்கு இடையே அல்ல, சாயங்களுக்கு இடையே. முறையான ராணுவத் துணியில் பச்சை இலையைப் போலவும், கறுப்பு குறைவாகவும், பழுப்பு இடைநிலையிலும் அகச்சிவப்பைத் திருப்பும்படி சாயம் ஏற்றப்படுகிறது. சந்தையில் மலிவாக விற்கும் போலி உருமறைப்புச் சட்டையில் இந்த வேறுபாடு பெரும்பாலும் இருக்காது. எல்லா நிறமும் ஒரே வெளுப்பாகிவிடும். நல்ல துணியும் பராமரிப்பில் கெடக்கூடும் என்பதால், அமெரிக்கத் தரைப்படை தன் சீருடைக்குக் கஞ்சி போடுவதையே தடைசெய்தது. மொடமொடப்பான இஸ்திரிக்குப் பழகிய நம் ஊர்ச் சீருடைக் கண்ணுக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் தெரியும்.

இரவுநோக்கிக் கருவியை ஏமாற்றுவதற்கென்றே தனி வடிவமும் ஒன்று இருந்தது. பச்சைத் துணியில் கரும்பச்சைக் கட்டக்கோடுகளும் திட்டுகளும் அச்சிட்ட அமெரிக்கப் பாலைவன இரவு அங்கி, அக்காலச் சோவியத் கருவிகளின் தெளிவின்மையை நம்பி உருவாக்கப்பட்டது. 1991 வளைகுடாப் போரில் அதை அணிந்தார்கள். கருவிகள் மேம்பட்டதும் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. பாலைவன இரவின் குளிருக்கு அது நல்ல மேலங்கி என்பதே மிச்சம்.

தெர்மல் கேமராவின் முன் மேற்சொன்ன உடைகள் எல்லாமே சமம். அது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான வெப்பக் கதிர்களைப் படிக்கிறது. அந்த அலைநீளத்தில் கறுப்புப் பருத்தியும் வெள்ளைப் பருத்தியும் ஒன்றுபோலவே கதிர்விடும். 33 பாகை செல்சியஸ் அளவிலான தோல், துணியைச் சூடாக்க, துணி அதை வெளியே காட்டிவிடுகிறது. அலுமினியப் பூச்சுள்ள தாளைப் போர்த்திக்கொண்டால் உடற்சூடு மறையும்; ஆனால் அது குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிப்பதால், சுற்றியுள்ள தரையைவிடக் குளிர்ந்த ஒரு கரும்பரப்பாகத் தனித்துத் தெரியும். 2022-க்குப் பின் உக்ரைன் போரில் தெர்மல் கேமரா பொருத்திய ட்ரோன்களுக்கு அஞ்சிப் பயன்படும் வெப்பப் போர்வைகள் இவ்விரண்டுக்கும் நடுவே தரையின் வெப்பநிலையை ஒத்திருக்க முயல்கின்றன. உடலில் ஒட்டாமல் காற்றிடைவெளி இருக்கும்படி, முகமும் கையும் காலும் வெளியே தெரியாமல், ஓரிடத்தில் இருப்பவருக்கு அவை கொஞ்ச நேரம் பலன் தரும். நடந்து செல்பவருக்கு அந்த அளவுக்கு உதவுவதில்லை. பகல் முழுதும் வெயில் காய்ந்து முன்னிரவிலும் 33 பாகைக்கு அருகில் நிற்கும் பாறைநிலத்தில் மட்டும், எந்தப் போர்வையும் இல்லாமலே ஆளுக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு சில மணி நேரம் குறைந்திருக்கும். பாறை ஆறியதும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.