பக்கத்து இருக்கையின் சென்சாருடன் எட்டு ஆண்டுகள்

என் அம்மாவின் எடை 46 கிலோ. காரில் ஏறியதும் கதவுப் பக்கத்துக் கைத்தாங்கியில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்வது அவர் வழக்கம். கார் வாங்கிய முதல் ஆண்டில் ஒருநாள், அவர் அப்படி அமர்ந்திருந்தபோது, பயணியின் ஏர்பேக் அணைந்துள்ளதைக் காட்டும் சிறிய விளக்கு எரிவதைக் கண்டேன். நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். சில நொடிகளில் விளக்கு அணைந்தது. அன்றிலிருந்து எட்டு ஆண்டுகளாக, யார் பக்கத்தில் அமர்ந்தாலும் அந்த விளக்கைப் பார்த்த பிறகே வண்டியை எடுக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் இருப்பவரின் எடையைப் பார்த்து ஏர்பேக்கை இயங்கவிடுவதா அணைப்பதா என்று முடிவெடுக்கும் இந்த அமைப்புக்கு ஆளைத் தெரியாது. இருக்கையின் மேல் விழும் சுமையை மட்டுமே தெரியும். என் காரில் இருக்கைச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சுமையை அளக்கும் சென்சார்கள் உள்ளன. வேறு கார்களில் மெத்தைக்கு அடியில் திரவம் நிரம்பிய பையோ, அழுத்தத்தை உணரும் விரிப்போ இருக்கும். விபத்துச் சோதனைகளில் 6 வயதுக் குழந்தையாக வைக்கப்படும் பொம்மை ஏறத்தாழ 23 கிலோ, சிறிய உடலமைப்புள்ள பெண்ணாக வைக்கப்படுவது ஏறத்தாழ 49 கிலோ. முதலாவதற்கு ஏர்பேக்கை அணைத்து, இரண்டாவதற்கு இயங்கவிட வேண்டும் என்பதால், முடிவுக்கான எல்லைக்கோடு இவ்விரண்டுக்கும் இடையில்தான் விழுகிறது. அமர்ந்திருப்பவரின் எடையில் ஒரு பகுதி பாதங்கள் வழியாகத் தரைக்கும், கை ஊன்றினால் கதவுக்கும் போய்விடுவதால், மெலிந்த பெரியவர் ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவது எளிது. நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரியும் பை, சிறு குழந்தையின் கழுத்தை முறிக்கக்கூடிய வேகத்தில் வருவது. ஆகவே இப்படியொரு தடுப்பு தேவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இருக்கைக்கு அடியில் திணித்த பை சட்டத்தை மேல்நோக்கித் தள்ளினால் சென்சார் காட்டும் சுமை குறைந்துவிடும் என்பதை மூன்றாம் ஆண்டில் அறிந்தேன்; அன்று முதல் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். காய்கறிப் பையை இருக்கையில் வைத்தால் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலிக்கிறது, ஏர்பேக் மட்டும் அணைந்தே இருக்கிறது. பெல்ட் நினைவூட்டலுக்கான எல்லை மிகத் தாழ்வானது என்பதே காரணம்.

பெரிய தொல்லை ஐந்தாம் ஆண்டில் வந்தது. தரைவிரிப்பைச் சுத்தம் செய்வதற்காக ஒரு பணிமனையில் இருக்கையைக் கழற்றி மாட்டினார்கள். அதன்பின் டாஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. இருக்கைக்கு அடியிலுள்ள மின்கம்பிகளின் மஞ்சள் நிற இணைப்பான் சரியாகவே பொருந்தியிருந்தது. காலி இருக்கையின் சுமையைச் சுழியமாக மீண்டும் பதிவுசெய்யும் அளவுத்திருத்தத்தை அவர்கள் செய்யத் தவறியிருந்தார்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, இருக்கையில் எதுவும் இல்லாமல், கோளாறுகளைக் கண்டறியும் கருவியைக் காருடன் இணைத்துச் செய்யும் வேலை அது. வேறொரு இடத்தில் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதுவரை அம்மாவைப் பின் இருக்கையில்தான் அமர்த்தினேன்.

சென்சார் அளக்கும் சுமை மாறிவிடக்கூடாது என்பதாலேயே தடித்த மெத்தை உறைகளையும் தவிர்க்கிறேன். குழந்தை இருக்கையைப் பொருத்தவரை இந்தச் சென்சாரை நம்பி முன்னால் வைக்க நான் துணிந்ததே இல்லை: பெல்ட்டை இறுக்கிக் கட்டும்போது அது இருக்கையை அழுத்தி, குழந்தையின் எடையைவிடக் கூடுதலான சுமையைக் காட்டக்கூடும். அந்த இழுவிசையைக் கழித்துப் பார்க்கத் தனிச் சென்சார் உள்ள கார்களிலும்கூட, பின்னோக்கிய குழந்தை இருக்கைக்கு உரிய இடம் பின்வரிசையே.