ராஸ்பெர்ரி ரகங்கள்: ஆறு வருடம் வளர்த்துப் பார்த்ததில்

ராஸ்பெர்ரி கன்று வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது பழத்தின் படத்தைத்தான். நானும் அப்படித்தான். படத்தில் பெரிதாக, நீளமாக, பளபளவென்று இருந்தது துலமீன். அதில் மூன்று கன்று வாங்கினேன். துணைக்கு இருக்கட்டும் என்று ஹெரிடேஜ் இரண்டு.

முதல் குளிர்காலத்தில் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் எல்லாத் தண்டுகளையும் தரையோடு வெட்டிவிட்டேன். ஹெரிடேஜ் பற்றி நான் படித்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அடுத்த வருடம் ஹெரிடேஜ் காய்த்துத் தள்ளியது. துலமீன் ஆளுயரத்துக்கு வளர்ந்து இலையும் தண்டுமாக நின்றதே தவிர, ஒரு பூ கிடையாது. கன்று சரியில்லை என்று விற்றவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் கத்தரியில் இருந்தது.

ராஸ்பெர்ரியின் வேர் பல வருடம் நிற்கும். ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டு வருடம்தான். துலமீன் போன்ற கோடை ரகங்களில் தண்டு முதல் வருடம் வளர மட்டும் செய்யும். குளிரைத் தாண்டி இரண்டாம் வருடம் காய்த்துவிட்டுக் காய்ந்துபோகும். நான் வெட்டி எறிந்தது அடுத்த வருடக் காய்ப்பை. ஹெரிடேஜ், ஆட்டம் பிளிஸ், கரோலின், ஜோன் ஜே, ஆன் எல்லாம் வேறு வகை. அந்த வருடம் முளைத்த தண்டின் நுனியிலேயே கோடையின் கடைசியில் தொடங்கிக் காய்க்கும். இவற்றை வருடா வருடம் தரையோடு வெட்டலாம். எந்தத் தண்டு பழையது, எது புதியது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதனால், முதன்முதலாக நடுகிறவர் என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வகையைத்தான் சொல்வேன்.

துலமீன் ருசிக்கு ஈடு இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கனடாவில் உருவான ரகம். இனிப்பும் புளிப்பும் சரியாக இருக்கும், வாசனையும் தூக்கல். ஆனால் வேரில் நீர் நிற்பதை அது தாங்காது. நான்காம் வருடம் மழை விடாமல் பெய்தபோது, தாழ்வான மூலையில் இருந்த கன்றின் இலைகள் ஓரம் காய்ந்து தொங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று மேலும் ஊற்றினேன். கொஞ்ச நாளில் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பழுப்பாக அழுகிக் கிடந்தது. மிச்சம் இரண்டையும் மேட்டுப்பாத்திக்கு மாற்றினேன். இப்போது நன்றாக இருக்கின்றன. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு விளைந்த இடத்தில் நட வேண்டாம். அவற்றின் வாடல் நோய் மண்ணில் தங்கி இதையும் பிடிக்கும்.

ஹெரிடேஜ் 1969இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட பழைய ரகம். பழம் நடுத்தர அளவு, ருசி நல்லது, பராமரிப்பு சுலபம். குறை என்றால், தாமதமாகக் காய்க்கும்; உறைபனி சீக்கிரம் வந்தால் கடைசிக் காய்கள் பச்சையாகவே போய்விடும். பக்கக்கன்றுகளும் ஏராளம், நடைபாதையில்கூட முளைக்கும்.

மூன்றாம் வருடம் சேர்த்த கரோலின்தான் இப்போது வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. ஹெரிடேஜைவிடப் பழம் பெரிது, ருசியும் அழுத்தமானது. குழந்தைகள் பறிக்கப் போகும் வரிசைக்கு முள் இல்லாத ஜோன் ஜே வைத்தேன். அதன் பழம் அடர்சிவப்பு. நன்றாகப் பழுத்ததா என்று அறிய நிறத்தைப் பார்க்காமல் மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பழுத்த பழம் வெள்ளைக் காம்புமேட்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, விரல்நுனியில் தொப்பி மாதிரி கழன்று வரும். இழுத்தும் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். பறித்த பிறகு அது பழுக்காது.

ஆன் மஞ்சள் ரகம். இதில் நான் ஏமாந்தது ருசியில். முதல் வருடம் எலுமிச்சை நிறத்திலேயே பறித்துத் தின்றுவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டேன். இன்னும் சில நாள் விட்டால் லேசாக ஆப்ரிகாட் நிறம் ஏறும், அப்போதுதான் தேன். தண்டுகள் குறைவாகத்தான் வரும், அதனால் கொஞ்சம் நெருக்கி நடலாம்.

தாமதமாகக் காய்க்கும் ரகங்களுக்கு ஒரு தொல்லை உண்டு: புள்ளிச்சிறகுப் பழ ஈ. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தைத் தேடும். இது பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்திலேயே முட்டையிடும். ஒரு நாள் கிண்ணத்தில் வைத்த பழத்தின் குழிக்குள் நூல் மாதிரி வெள்ளைப் புழு நெளிந்ததைப் பார்த்ததிலிருந்து, சீசனில் தினமும் பறித்து உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். கீழே விழுந்ததையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். துலமீனில் இந்தக் கவலை குறைவு, ஈ பெருகுவதற்குள் பெரும்பாலும் அதன் காய்ப்பு முடிந்துவிடும்.

இன்னொன்று, குளிர்காலம் என்று ஒன்று சரியாக வராத ஊரில் இந்த ரகங்கள் எதையும் நம்பி இறங்க வேண்டாம். துலமீன் மாதிரிக் கோடை ரகங்களுக்குப் பூக்கவே நல்ல குளிர் தேவை.

வரும் குளிர்காலத்தில் ஒரு ஹெரிடேஜை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கரோலினுக்குக் கொடுக்கப் போகிறேன். துலமீன் இரண்டின் காய்ப்புத் தண்டுகளிலும் சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது, கத்தரி தப்பித்தவறிக்கூட அந்தப் பக்கம் போகாமலிருக்க.