நாஜிக் காலக் கட்டடங்களைப் பார்க்க: பெர்லினா, மலையா, நியூரம்பெர்க்கா?

ஜெர்மனிக்கு வரும் நண்பர்களில் வரலாற்று நாட்டம் உள்ளவர்கள் தவறாமல் கேட்பது இது: ஹிட்லர் காலத்தில் கட்டியவற்றில் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம்? நான் நியூரம்பெர்க் என்றுதான் சொல்வேன். பெர்லினையும் பெர்ஷ்டெஸ்காடன் பக்கத்து மலையையும் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன்.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று பார்த்தால் பெர்லினுக்குத்தான் வசதி. ஆனால் மியூனிக்கிலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் நியூரம்பெர்க் ஒரு மணி நேரம்தான். பயணச் சிரமத்தைக் காரணம் காட்டி அதை ஒதுக்க வேண்டியதில்லை.

பெர்லினில் முக்கியமானது ஒலிம்பிக் அரங்கம். 1936 போட்டிக்காக வெர்னர் மார்ஷ் வடிவமைத்தது. அமெரிக்க ஓட்டவீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 4 தங்கம் வென்ற அதே அரங்கம். அருகே ஒரு சாலைக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது. 2000 முதல் 2004 வரை புதுப்பித்து, புதுக் கூரை போட்டு, 2006 உலகக்கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டியை அங்கேயே நடத்தினார்கள். கல்லெல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. விளையாட்டு அரங்கமாக அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும்போது மனம் அந்தக் கட்டடத்தை ரசிக்கத் தொடங்கிவிடுகிறது. எனக்கு அதுதான் உறுத்தல். தகவல் பலகைகள் நிறைய வைத்திருக்கிறார்கள்; கட்டடத்தின் அழகோ பலகையைப் படிக்க விடுவதில்லை.

பெர்லினில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ, நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். ஆகியவற்றின் தலைமையகங்கள் இருந்த மனையில் 2010இல் திறந்த ‘பயங்கரத்தின் இடவியல்’ ஆவண மையம். கட்டணம் கிடையாது. கொலைக்கு உத்தரவிட்ட மேசைகள் இருந்த இடம் அது. ஆனால் பழைய கட்டடங்களில் அங்கே எஞ்சியிருப்பது சில அடித்தளச் சுவர்கள் மட்டுமே. கட்டடத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது ஆவணங்கள்தான்.

மலை என்றால் ஹிட்லரின் மலை வீடு இருந்த ஓபர்சால்ஸ்பெர்க். அதற்கு மேலே 1,834 மீட்டர் உயரத்தில், ‘கழுகுக்கூடு’ என்று அறியப்படும் கெல்ஷ்டைன் வீடு. பாறைக்குள் குடைந்த பாதையில் நடந்து, பித்தளை பதித்த லிஃப்டில் 124 மீட்டர் ஏறினால் உணவகம், சுற்றிலும் ஆல்ப்ஸ். காட்சி அற்புதம். அதனாலேயே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மேலே வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் காட்சிக்காகத்தான் வருகிறார்கள், அதில் தப்பும் இல்லை. கீழே 1999இல் தொடங்கிய ஆவண மையம் இருக்கிறது; 2023இல் புதுக் கண்காட்சியோடு விரிவுபடுத்தினார்கள். அதை விட்டுவிட்டு மலைக்கு மட்டும் போய்த் திரும்புவதானால், அந்தப் பயணத்தை வரலாற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பால்டிக் கடலோரத்தில் ப்ரோரா இருக்கிறது. 20,000 பேர் விடுமுறைக்குத் தங்கத் திட்டமிட்ட, நான்கரை கிலோமீட்டர் நீளக் கட்டட வரிசை. அதில் பெரும்பகுதியை விற்று, வெள்ளையடித்து, விடுமுறைக் குடியிருப்புகளாக்கிவிட்டார்கள். நேரில் போனதில்லை என்பதால் படங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை.

இனி நியூரம்பெர்க். 1933 முதல் 1938 வரை நாஜிக் கட்சி ஆண்டுதோறும் பேரணி நடத்திய வளாகம், நகரத்தின் தென்கிழக்கே டுட்சென்டைஷ் குளத்தைச் சுற்றிக் கிடக்கிறது. 11 சதுர கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டார்கள். பாதிகூட முடியவில்லை. 50,000 பேர் அமர வேண்டிய மாநாட்டு மண்டபம் ரோமின் கொலோசியத்தைப் பார்த்துக் கட்டத் தொடங்கியது. கூரையே இல்லாமல் நிற்கிறது. அதன் வடபகுதியைக் குறுக்கே பிளந்துகொண்டு கண்ணாடியும் எஃகுமாக ஒரு நடைபாதையைச் செருகியிருக்கிறார் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் குன்டர் டோமெனிக். 2001இல் திறந்த ஆவண மையத்தின் வாசல் அதுதான். நேர்கோடும் செங்கோணமுமாக அடுக்கிய கல்லின் நடுவே கோணலாகப் பாய்கிற அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும், கட்டடத்தை இனி யார் சொல்படி பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது.

அங்கிருந்து நடந்தால் பெருஞ்சாலை. 60 மீட்டர் அகலம், ஒன்றரை கிலோமீட்டர் நீளம், கிரானைட் பலகைகள். ஒவ்வொரு பலகையும் 1.2 மீட்டர், படைவீரன் இரண்டு எட்டு வைக்கிற அளவு. சாலையின் அச்சு நகரத்தின் பழைய கோட்டையை நோக்கி நீள்கிறது, பேரரசுகளின் வாரிசு தாங்களே என்று காட்டுவதற்காக. அணிவகுப்பு ஒன்றுகூட அதில் நடக்கவில்லை. போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் விமானம் இறக்கியது, இப்போது கண்காட்சிக்கு வருபவர்கள் கார் நிறுத்துகிறார்கள். பக்கத்தில் பேரணி விளக்குகளுக்கு மின்சாரம் தந்த துணைமின்நிலையம் ஒன்று இருக்கிறது. அதில் பிற்பாடு பர்கர் கடை நடந்தது. அதன் சுவரில், பெயர்த்தெடுத்த கழுகுச் சின்னத்தின் வடிவம் கல்லில் நிறம் மாறிய தடமாக இன்னும் தெரிகிறது. எதிரே நின்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் இறக்கை பிடிபடும்.

ஆனால் நான் நியூரம்பெர்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு முழுமுதற் காரணம் பராமரிப்பு. ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேர் வடிவமைத்த, பேரணிகளில் ஹிட்லர் நின்று பேசிய செப்பெலின் மேடையைப் பார்த்தால் அது புரியும். நாஜிகள் கட்டியதைப் பளபளவென்று புதுப்பித்தால் அவர்கள் விரும்பிய பிரமாண்டம் திரும்பி வந்துவிடும். இடிந்து விழட்டும் என்று விட்டால் ஆபத்துக்காக வேலி போட வேண்டும். மூடிவைத்த இடத்தைச் சுற்றி மர்மக் கதைகள் முளைக்கும். பெர்லின் அரங்கம் முதல் வழியில் போனது, அதற்கு அன்றாடப் பயன்பாடு இருந்ததால். செப்பெலின் மேடைக்கு அப்படியொரு பயன்பாடு இல்லை.

மேடையை அவசர அவசரமாகக் கட்டி 1937இல் முடித்தார்கள். உள்ளே செங்கல்லும் கான்கிரீட்டும், வெளியே சுண்ணாம்புக்கல் போர்வை. இடுக்கில் இறங்கும் மழைநீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லை வெடிக்க வைக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் இடிபாடு கம்பீரமாக நிற்கும்படி கட்ட நினைத்ததாக ஷ்பேர் பிற்காலத்தில் எழுதினார். மேடையின் தூண் வரிசையோ முப்பது ஆண்டுதான் தாங்கியது. 1967இல், ஷ்பேர் சிறையிலிருந்து வெளிவந்த மறு ஆண்டே, பாதுகாப்பில்லை என்று நகராட்சி வெடிவைத்துத் தகர்த்தது. உச்சியில் இருந்த ஸ்வஸ்திகாவை அமெரிக்கர்கள் 1945இலேயே வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள்.

இன்றைய திட்டம் சுமார் 8.5 கோடி யூரோ. பாதி மத்திய அரசு, மீதி பவேரியாவும் நகராட்சியும். இவ்வளவு பணத்தைப் போட்டு என்ன செய்யப் போகிறார்கள்? தூண்களைத் திரும்ப எழுப்பப் போவதில்லை, அலங்காரம் சேர்க்கப் போவதில்லை. படியில் கால் வைத்தால் இடறாமல் இருக்க வேண்டும், உள்ளே ஈரம் தங்கக் கூடாது, அவ்வளவே. வீண் செலவு, அழியட்டும் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஹிட்லர் நின்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் ஏறி நிற்கலாம், சுவரில் பந்தடிக்கலாம், கல்லிடுக்கில் புல் முளைத்திருப்பதைக் காணலாம் என்கிற நிலை நீடிக்க வேண்டுமென்றால் இந்தச் செலவு தேவை என்றே நினைக்கிறேன். மேலே நின்றால் சரிவும் வெடிப்பும் காலுக்குத் தெரிகின்றன. பெர்லின் அரங்கில் இது கிடைக்காது. மாநாட்டு மண்டப முற்றத்தில் ஓபராவுக்கு இடைக்கால அரங்கு அமைக்கும் முடிவு சரியா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. முற்றத்தின் வெறுமையே ஒரு சாட்சி என்று தோன்றும்.

பலர் தவறவிடுவது மெர்ட்ஸ்ஃபெல்ட் ரயில் நிலையம். பேரணிக்கு வருவோருக்காகக் கட்டியது. 1941 நவம்பர் 29 அன்று இந்த வட்டாரமான ஃபிராங்கோனியாவின் யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, பேரணிக் கூடாரப் பகுதியில் அடைத்து வைத்திருந்து, இங்கிருந்துதான் லாட்வியாவின் ரிகாவுக்கு ரயிலேற்றினார்கள். பேரணியும் நாடுகடத்தலும் ஒரே தண்டவாளத்தில் நடந்தன என்பது அங்கே போனால் உறைக்கும்.

முழு நாள் இருந்தால் காலையில் ஆவண மையம், பிறகு மேடைவரை நடை, மாலையில் நகரின் மேற்கே, போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த 600ஆம் எண் நீதிமன்ற அறை. ஷ்பேருக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது அங்கேதான். அரை நாள்தான் என்றால் மேடையை விடாதீர்கள். விளையாட்டுக்குக்கூடக் கையை நீட்டிச் சல்யூட் அடித்துப் படம் எடுக்க வேண்டாம். ஜெர்மன் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. கோடையில் ராக் இசை விழாவும் நோரிஸ்ரிங் கார் பந்தயமும் இதே வளாகத்தில் நடக்கும். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.