மழையில் முகாம்: பெரிய கூடாரமா, தனித் தார்ப்பாயா?

குழந்தைகளோடு முகாமிடும்போது மழை பிடித்துக்கொண்டால், எல்லோரும் உள்ளே இருக்க ஒரு பெரிய கூடாரம் போதும் என்றுதான் தோன்றும். தூங்க அது வசதிதான், சரி. ஆனால் நாலைந்து பேரின் மூச்சும் ஈரத்துணியும் சேர்ந்தால், உட்பக்கத்தில் நீர் கோத்துப் படுக்கையில் சொட்டும். அடுப்பை உள்ளே பற்றவைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும்.

என் ஓட்டு, சிறிய கூடாரத்துக்கும் அதன் வாசலில் உயரமாகக் கட்டிய தார்ப்பாய்க்கும்தான். நனைந்த செருப்பும் சட்டையும் வெளியிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் அடைந்து கிடக்காமல் விளையாடலாம், நாலு பக்கமும் திறந்திருப்பதால் ஓரமாகச் சமைக்கலாம். ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவில் நீர் தேங்கிக் கயிற்றையே இழுத்துவிடும். பலத்த காற்று அடித்தால் மட்டும் அதை அவிழ்த்துவிட வேண்டும்.