கிளிப் கழற்றிய பிறகு எந்த ரிட்டெய்னர்?

கிளிப்பைக் கழற்றும் நாளில் பற்கள் வரிசையாக நிற்கும், ஆனால் இன்னும் ஊன்றியிருக்காது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் ஒழுங்குக்கு வர 3, 4 மாதம் ஆகும். ஈறிலுள்ள மீள்நார்கள் ஓராண்டுகூட பழைய பக்கமே இழுக்கும். திருகி நின்று நேரான பல் சீக்கிரம் திரும்பிக்கொள்வது இதனால்தான். அந்த இழுப்புக்கு ஈடுகொடுத்து, நேரான பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும் சாதனமே ரிட்டெய்னர். அவற்றில் பெரும்பாலும் தரப்படுபவை மூன்று.

ஹாலி ரிட்டெய்னர் நூறாண்டுப் பழைய வடிவம். அண்ணத்தை ஒட்டி ஒரு அக்ரிலிக் தகடு, முன்பற்களுக்குக் குறுக்கே சுமார் 0.7 மி.மீ. எஃகுக் கம்பி, கடைவாய்ப்பற்களைப் பிடிக்கக் கொக்கிகள். கடிக்கும் பரப்பை மூடாது என்பதால் மேல், கீழ்க் கடைவாய்ப்பற்கள் தாமாகவே நன்றாகப் பொருந்தி உட்காரும். தளர்ந்தால் மருத்துவர் இடுக்கியால் இறுக்கிக் கொடுத்துவிடலாம், நன்றாக உழைக்கும். கம்பி வெளியே தெரியும், முதல் சில நாட்கள் 'ச', 'ஸ' குழறும். முன்கம்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றக் கூடாது. கம்பி வளைந்தால் பல்லைத் தாங்க வேண்டியதே பல்லைத் தள்ளத் தொடங்கிவிடும். இரு பக்கக் கொக்கிகளிலும் நகத்தை வைத்து நெம்புவதே சரி.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரிட்டெய்னரைத்தான் இன்று பலரும் கேட்டு வாங்குகிறார்கள். சுமார் 1 மி.மீ. தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்துச் செய்வது. போட்டிருப்பது தெரியாது, பேச்சும் அதிகம் மாறாது, முன்பற்களின் வரிசையை மிக நன்றாகக் காக்கும். ஆனால் ஆயுள் குறைவு, அதில் பாதி நம் கையால் குறைவது. சுடுநீரில் கழுவினால் நெளிந்துவிடும், பிறகு பழைய வடிவம் வராது. பற்பசை கீறல் போடும், கீறலில் கிருமி தங்கி நாற்றம் எடுக்கும். குளிர்ந்த நீர், ஒரு துளி மென்சோப்பு, மென்மையான பிரஷ் போதும். வாயில் வைத்துக் கடித்தே பொருத்துகிற பழக்கம் விரிசலுக்கு நேர்வழி, விரலால் அழுத்துங்கள். இதைப் போட்டபடி தண்ணீர் தவிர எதையும் குடிக்காதீர்கள். இனிப்புப் பானம் பிளாஸ்டிக்குக்குள் புகுந்துவிட்டால் எச்சில் அதைக் கழுவ முடியாது, பல் சொத்தையாகும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஓட்டை விழும், அவர்களுக்கு ஹாலியே நல்லது.

மூன்றாவது, கீழ் முன்பற்களின் உட்புறம் கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை ஒட்டும் முறுக்குக் கம்பி. போட மறக்க வழியே இல்லை. முன்பு இடைவெளி இருந்தவர்களுக்கும் பற்கள் மிகவும் திருகியிருந்தவர்களுக்கும் இதைவிட நல்லதில்லை. ஒட்டும்போது எச்சில் பட்டால் பிடிப்பு நிற்காது, அதனால் பல்லை உலர்வாக வைக்க மருத்துவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள். இதன் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் வருவது: ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போகும், கம்பி விழாது, அந்தப் பல் மட்டும் மெல்ல நகரும். வாரம் ஒருமுறை நகத்தால் ஒவ்வொரு பல்லின் பின்னும் தடவிப் பாருங்கள். கம்பிக்கடியில் காரை சேரும், நுனி விறைப்பான பல் இடுக்கு நூலான சூப்பர் ஃப்ளாஸை அடியில் நுழைத்துத் தினமும் எடுக்க வேண்டும்.

எங்கள் தேர்வு: கீழே ஒட்டிய கம்பி, மேலே இரவில் பிளாஸ்டிக். தொடக்கத்தில் எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள், பல் நகர்ந்த விதத்துக்கேற்ப அது மாறும். சில நாள் விட்டுப் போடும்போது இறுக்கமாக இருந்தும் முழுதாக உட்கார்ந்தால் தொடர்ந்து போடலாம். உட்காரவில்லையென்றால் அழுத்தித் திணிக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிப் கழற்றும் நாளிலேயே பல் அச்சையோ ஸ்கேன் ஃபைலையோ கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரிட்டெய்னர் உடைந்தால் பல் நகர்வதற்குள் அதை வைத்தே புதிதாகச் செய்துகொள்ளலாம்.